கடைவாய்ப் பீங்கான்

இஸ்ஸதீனின் வாயில் சொந்தப் பல் இருந்த காலத்தில், அவர் நெல்லைக் கடிக்கும் சத்தத்துக்குப் பூவரசங்குளத்துச் சனம் எதிர்க்கதை கதைத்ததில்லை. சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து நாலு மணி எடுப்பார். உமியை நகத்தால் உரித்துவிட்டு அரிசியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக் என்று உடைந்தால் காய்ந்த நெல். சத்தமில்லாமல் நசிந்தால் ஈரம். ஈர நெல்லை அவர் வாங்கமாட்டார். முகம் சுளிக்கிறவனுக்கு இன்னொரு மணியை நீட்டி, "நீயே கடிச்சுப் பார்" என்பார்.

அது, முஸ்லிம் சனம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட தொண்ணூறாம் ஆண்டுக்கு முந்தி. பிறகு பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். உவர்த் தண்ணீரும் வெற்றிலையும் சேர்ந்து பல்லை ஒவ்வொன்றாக எடுத்தன. சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்து திரும்பி வந்தபோது கீழே மூன்று, மேலே ஒன்று மிஞ்சியிருந்தது. நாலும் ஆடின.

வந்த வருடம் மகன் றிஸ்கான்தான் நெல்லைக் கடித்தான். சனம் சிரித்தது. "தம்பி, நீர் கச்சான் கடலை கடிக்கிற மாதிரிக் கடிக்கிறீர். வாப்பாவக் கூப்பிடும்" என்றார்கள். அந்தப் போகம் வந்த நெல்லில் பாதி வேறு ஆட்களிடம் போனது.

அடுத்த காலபோக அறுவடைக்கு வவுனியா மில்காரர் ஒருவர் ஸ்டோர் நிறைய எடுப்பதாகச் சொல்லியிருந்தார். நெல் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இஸ்ஸதீன் புத்தளத்தில் இருந்த காணித் துண்டை விற்று ஸ்டோருக்குக் கூரை போட்டார். இந்தப் போகம் தவறினால் இங்கே நிற்க வழியில்லை. போய் இறங்க அங்கேயும் நிலமில்லை. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மருமகள் முனவ்வறா புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் மட்டும், "எங்கட வாப்பாட வீடு இருக்குத்தானே" என்று இடைக்கிடை சொல்லுவாள். இஸ்ஸதீன் அதைக் கேட்டுக் கேட்டு மனதில் போட்டு வைத்தார்.

றிஸ்கான் சொன்னான்: "மில்லில ஈரம் பாக்கிற மெசின் ஒண்டு இருக்கு வாப்பா. நாங்களும் ஒண்டு எடுப்பம்."

"மெசினுக்குப் பற்றரி போடுறது ஆர்?"

"நாங்கதான்."

"அதைத்தான் கேட்டனான். பற்றரி போடுறவன் சொல்லுறதைத்தான் அது சொல்லும். எனக்குப் பல்லுக் கட்டினாப் போதும்."

வவுனியாச் சந்தைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் தில்லைநாதன் பல்லுக் கட்டினான். நிலமெல்லாம் சாந்து மா வெள்ளையாகக் கிடந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு சட்டி கொதித்தது. உள்ளே பித்தளை அச்சுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. அவன் இஸ்ஸதீனின் வாய்க்குள் ரோச் லைட் அடித்துப் பார்த்தான். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுவதுபோல அவரையும் காக்கா என்று கூப்பிட்டான்.

"இந்த நாலையும் கழட்டுவம் காக்கா. நாலு நிண்டாலும் கரைச்சல்தான்."

"கழட்டுறது கிடக்கட்டும். என்னத்தில கட்டுவீர்?"

தில்லைநாதன் ஒரு போத்தலையும் ஒரு டப்பாவையும் எடுத்து வைத்தான். "இது தூள், இது தண்ணி. ரெண்டையும் குழைச்சு அச்சுக்குள்ள அமத்தி அவிச்சா ஈறு மாதிரி முரசு வரும். அதிலதான் பல்லு நிக்கும்."

"எலும்பு சேக்கிறேல்லையோ?"

"என்ன எலும்பு?"

"புத்தளத்தில ஒருத்தன் சொன்னவன், வெளிநாட்டுச் சாமான்ல பன்றி எலும்பு அரைச்சுச் சேக்கிறதெண்டு."

தில்லைநாதன் சிரிக்கவில்லை. "சைவச் சனம் வந்து மாட்டெலும்போ எண்டு கேக்குது. நீங்கள் பன்றியோ எண்டு கேக்கிறியள். ஒரு சீவன்ர எலும்பும் இல்லை. மணந்து பாருங்கோ."

இஸ்ஸதீன் போத்தலை மணந்தார். தலை சுற்றியது.

"சாராயம் கிடக்கோ?"

"காக்கா, இதைக் குடிச்சா ஆள் முடிஞ்சிடும். சாராயம் விலை குறைவு, நான் அதை ஏன் பல்லுக்குள்ள ஊத்துறன்?"

பிறகு பல்லுகள் வந்தன. ஒரு பெட்டியில் பிளாஸ்ரிக் பல்லு, மெழுகுக் கீற்றில் வரிசையாகக் குத்தியிருந்தது. மற்றப் பெட்டி தூசி பிடித்தது. உள்ளே பீங்கான் பல்லு. இஸ்ஸதீன் பிளாஸ்ரிக் பல் ஒன்றை எடுத்து மேசைக் கண்ணாடியில் தட்டினார். மொட்டைச் சத்தம். பீங்கானைத் தட்டினார். கணீர் என்றது.

"இது."

"அது வேண்டாம் காக்கா."

"ஏன்?"

"பிளாஸ்ரிக் பல்லெண்டா முரசோட உருகி ஒண்டாப் போயிடும். பீங்கான் ஒட்டாது. அடியில ஓட்டை கிடக்குப் பாருங்கோ, அதுக்குள்ள முரசு போய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான். பீங்கானும் பீங்கானும் முட்டினாச் சத்தம் வேற. சாப்பிடேக்க வரும், கதைக்கேக்க வரும், எச்சில் விழுங்கேக்கையும் வரும்."

"வரட்டும். எனக்குச் சத்தம் வேணும்."

"ஏன் சத்தம்?"

இஸ்ஸதீன் வாயை மூடிக்கொண்டார். நெல் பார்க்கத்தான் என்று சொன்னால் இவன் நாலு பேரிடம் சொல்லுவான். மில்லுக்குக் கதை போகும். கடையில் வாங்கிய பல்லால் கடித்து எடுத்த நெல் என்று விலையைக் குறைப்பார்கள். புதுப் பெட்டியில் நிறையப் பிளாஸ்ரிக் இருக்கிறது, அதைத் தள்ளத்தான் இவன் நல்லபிள்ளை மாதிரிக் கதைக்கிறான் என்றும் நினைத்தார்.

"அப்ப மேல பீங்கான் வைச்சு, கீழ பிளாஸ்ரிக் வைப்பமோ?" என்றார்.

"ஒரு வருசத்தில கீழ்ப்பல்லைப் பீங்கான் அராவிப்போடும். சமனுக்குச் சமன் வைக்கவேணும்."

"அப்ப ரெண்டு பக்கமும் பீங்கான்."

தில்லைநாதன் தூசி பிடித்த பெட்டியைப் பார்த்தான். கனகாலமாக யாரும் கேட்காத சாமான். இன்னும் ஒருதரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"முன்னுக்குப் பிளாஸ்ரிக் வைப்பம், பாக்க வடிவாயிருக்கும். கடைவாய் மேலயும் கீழயும் பீங்கான். சரியோ?"

"சரி. கடி மட்டும் இறுக்கமா இருக்கவேணும்."

பல் வந்த அன்று லதீபா கணவனைப் பார்த்துவிட்டு முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீங்க." சோறு சாப்பிடும்போது சத்தம் வந்தது. டக், டக். முனவ்வறா குசினிக்குள்ளிருந்து றிஸ்கானிடம், "மாமாட வாய்க்குள்ள ஆரோ ரைப்ரைட்டர் தட்டுறாங்க" என்றாள். இஸ்ஸதீனுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் பலமாக மென்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அறுவடை தொடங்கியது. அந்த மாசியில் வெயில் ஒழுங்காக எறிக்கவில்லை. காலையில் பனி மூட்டம், மத்தியானத்துக்குப் பிறகு மப்பு. சூடடித்த நெல்லை மன்னார் ரோட்டு ஓரம் படங்கு விரித்துப் பரவி, மழை தூறினால் அள்ளி, விட்டால் பரவி, சனத்துக்கு இடுப்பு முறிந்தது. ஆமிக்காரரின் ட்ரக் வந்தால் படங்கை இழுத்து ஒதுக்க வேண்டும். ட்ரக் சில்லில் ஒட்டிக்கொண்டு போகும் நெல்லைப் பார்த்து வயல்காரர் நல்லதம்பி, "போகட்டும், காவல் நிக்கிற பெடியளும் கஞ்சி குடிக்கத்தானே வேணும்" என்பார்.

இஸ்ஸதீன் ஸ்டோர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் தராசு. முதல் மூட்டையில் கையை விட்டு மணி எடுத்தார். உரித்தார். கடித்தார். டக். வரிசையில் நின்றவர்கள் ஆளையாள் பார்த்தார்கள்.

"காக்காட கடி திரும்பி வந்திட்டுது," என்றார் நல்லதம்பி. "வவுனியா வரைக்கும் கேட்டிருக்கும்."

"உன்ர நெல்லு காஞ்சிருக்கு, கொட்டு" என்றார் இஸ்ஸதீன்.

அறுவடை தொடங்கி மூன்றாம் வாரம் ஜெகதீஸ்வரி வந்தாள். புருசன் இல்லாதவள், இரண்டு ஏக்கரைத் தனியாகச் செய்கிறவள். மூட்டைகளை உழவு மெசினிலிருந்து இறக்கும்போதே சொன்னாள்.

"காக்கா, இது இன்னும் ரெண்டு வெயில் காணவேணும். மழை வரப்போகுது, வீட்டில ஒழுகுது, அதுதான் கொண்டந்தனான். நீங்கள் இஞ்ச வைச்சுக் காயவிட்டு எடுங்கோ. கழிக்கிறதைக் கழியுங்கோ."

இஸ்ஸதீன் கடித்தார். டக்.

"ஆர் சொன்னது ஈரமெண்டு? காஞ்சு முறியுது."

"இல்லைக் காக்கா, நான் கையில அளைஞ்சு பாத்தனான்..."

"கை பொய் சொல்லும் தங்கச்சி. கொட்டு."

அவள் கொட்டிவிட்டுப் போனாள். போகும் வழியில் நல்லதம்பியிடம் கேட்டாள்: "ஈர நெல்லைக் காஞ்ச நெல்லெண்டு வாங்குற முதலாளியை எங்கையேனும் கண்டிருக்கிறியளோ அண்ணை?"

நல்லதம்பி யோசித்தார். "தராசில ஏதோ செய்யிறார். எல்லாத்திலயும் நல்லவரா இருக்கேலாதெல்லோ."

அதன் பிறகு சனம் தராசைத்தான் பார்த்தது. படிக்கல்லைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. வாயை ஒருத்தரும் பார்க்கவில்லை.

பார்த்தவன் றிஸ்கான் மட்டும்தான். ஒருநாள் மத்தியானச் சோற்றின்போது சொன்னான்: "வாப்பா, உங்கட பல்லு சும்மாவே சத்தம் போடுது. நீங்க எச்சில் விழுங்கேக்கையும் கேக்குது. அந்த மெசினை ஒருக்கா இரவல் வாங்கி..."

"உனக்கு மெசின் வேணும்" என்றார் இஸ்ஸதீன். "வாப்பாட கடி வந்தது உனக்குப் பொறுக்கேல்ல. இல்லையா?"

றிஸ்கான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மில் லொறி வர வேண்டிய வாரத்தில் ஒருநாள் காலை, லதீபா கோழிக்கு நெல் அள்ள ஸ்டோருக்குள் போனாள். புளித்த மணம் அடித்தது. அடி வரிசைச் சாக்கில் கையை வைத்தவள் இழுத்துக்கொண்டாள். சுட்டது.

"இஞ்சருங்கோ! இஞ்ச ஒருக்கா வாங்கோ!"

மேல் அடுக்கை இறக்கினார்கள். உள்ளே நெல் அவிந்து கட்டிபட்டிருந்தது. சில சாக்குகளின் தையல் வழியே முளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூஞ்சணம் பிடித்த நெல் கையில் அள்ள மாவாக உதிர்ந்தது. றிஸ்கான் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தான். பத்துச் சாக்கில் ஏழு பழுது.

அன்று பின்னேரம் மில்காரரின் ஆள் வந்தான். உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்று மணத்துவிட்டு லொறியைத் திருப்பினான்.

இஸ்ஸதீன் கதிரையில் இருந்தார். நெல்லை அவர் ஒவ்வொரு மூட்டையாகக் கடித்து வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் டக் என்றது. காய்ந்த நெல் தானாக முளைக்காது. ஆரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கூரை ஒழுகவில்லை, புதுத் தகரம். சுவர் ஓதமில்லை. ஸ்டோருக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய் நின்றது. ஸ்டோர்ப் பூட்டின் திறப்பு ஒருவனின் இடுப்பில் இருந்தது. இரவில் ஸ்டோருக்குள் படுப்பவனும் அவன்தான்.

"றிஸ்கானைக் கூப்பிடு" என்றார்.

லதீபா நின்றாள். "அவனை ஏன்?"

"அவனுக்கு மெசின் வேணும். அவன்ட பெண்சாதிக்குப் புத்தளம் வேணும். ரெண்டும் இந்த நெல்லு அவிஞ்சாத்தான் நடக்கும். நான் என்ன விசரனே?"

"எங்கட பிள்ளை..."

"பிள்ளைதான். வேற ஆரிட்டத் திறப்பு இருக்கு? உன்னட்டையோ?"

முனவ்வறா முந்தாநாள் தன் உம்மாவுக்குக் கடிதம் எழுதியது லதீபாவுக்கும் நினைவுக்கு வந்தது. வந்ததை அவள் தள்ளவில்லை. போய் மகனைக் கூட்டிவந்தாள்.

இஸ்ஸதீன் அலுமாரியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றியிருந்த குர்ஆனை எடுத்து மேசையில் வைத்தார்.

"கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டு வா."

"என்னத்துக்கு?"

"இதில கை வைச்சுச் சொல்லு. நெல்லுக்கு நான் தண்ணி ஊத்தேல்ல எண்டு."

றிஸ்கான் வாப்பாவைப் பார்த்தான். பிறகு உம்மாவைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியம் பண்ணினா நம்புவீங்களோ?"

"பண்ணு, பாப்பம்."

"'பாப்பம்' எண்டு சொல்லுற ஆளுக்குச் சத்தியம் பண்ணேலாது வாப்பா."

"அப்ப நீதான் ஊத்தினனீ."

"நான் ரெண்டு மாசமா அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்தில படுத்து எலி துரத்தினனான்" என்றான் றிஸ்கான். குரலை உயர்த்தவில்லை. "நான் சத்தியம் பண்ணமாட்டன். நீங்க நினைக்கிறதை நினையுங்கோ."

முனவ்வறா அறைக்குள் உடுப்பு அடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் இருவரும் புத்தளம் போனார்கள். திறப்பு மேசையில் கிடந்தது. இஸ்ஸதீன் வாசலுக்கு வரவில்லை. போனதே குற்றத்துக்குச் சாட்சி என்று லதீபாவிடம் சொன்னார்.

கதை பரவ நேரம் எடுக்கவில்லை. முதலாளியின் மகன் ஸ்டோருக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிவிட்டான். சந்தியில் நல்லதம்பி, "தகப்பன் தராசு, மகன் பீப்பாய்" என்று சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நேரே இஸ்ஸதீன் வீட்டுக்கு வந்தாள்.

லதீபா பின்வளவில் இருந்தாள். வீட்டுச் சாப்பாட்டுக்குப் புழுங்கல் போட இரண்டு கொத்து நெல் அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தது. பழுதாகாமல் மிஞ்சியதில் எடுத்தது.

"அக்கா, உங்கட மகன் தண்ணி ஊத்தினதெண்டு சொல்லுறாங்கள்."

லதீபா விறகை முறித்தாள். "சொல்லட்டும்."

"நான் குடுத்த நெல்லு ஈரம் அக்கா. ஈரமெண்டு என்ர வாயால சொல்லிக் குடுத்தனான். காக்கா கடிச்சுப்போட்டு காஞ்சிருக்கெண்டார். எனக்கு அண்டையிலயிருந்து நித்திரை இல்லை. என்னைப்போல இன்னும் எத்தினை பேரோ. அவையள் சொல்லாமக் குடுத்திருப்பினம்."

"அவர் கடிச்சாப் பிழை வராது."

"பழைய பல்லில பிழை வராது" என்றாள் ஜெகதீஸ்வரி. "இது கடையில வாங்கினதெல்லோ."

லதீபா முறித்த விறகைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே கையை விட்டு நாலு மணியை எடுத்து, உரித்து, அரிசியைச் சீலைத் தலைப்பில் ஒற்றித் துடைத்தாள். ஒன்றைத் தானே கடித்தாள். சோறு மாதிரி நசிந்தது. வீட்டுக்குள் போனாள். ஜெகதீஸ்வரி பின்னால் போய்க் கதவோடு நின்றாள்.

இஸ்ஸதீன் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

"வாயைத் திறவுங்கோ" என்றாள் லதீபா.

"என்ன?"

"திறவுங்கோ."

அரிசியை அவரது கடைவாயில் தானே வைத்தாள். "கடியுங்கோ."

டக்.

"நல்லாக் காஞ்சிருக்கு" என்றார் இஸ்ஸதீன். "இது ஆரிட நெல்லு?"

லதீபா மிச்ச மணிகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாயில் கிடந்ததைத் துப்பிவிட்டு அவற்றை விரலால் நசித்தார். பால் மாதிரிப் பிதுங்கியது. அவர் நிமிர்ந்து ஜெகதீஸ்வரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்ற சந்தேகம் அந்த நேரத்திலும் அவர் முகத்தில் வந்தது.

"இப்ப வாய்க்குள்ள ஒண்டும் இல்லை" என்றாள் லதீபா. "ஒண்டும் இல்லாமக் கடியுங்கோ."

அவர் கடித்தார்.

டக்.

இன்னொரு தரம் கடித்தார். டக். முற்றத்தில் கோழிகள் கிண்டிக்கொண்டிருந்தன. ஜெகதீஸ்வரி, "நான் வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை ஸ்டோர் வாசலில் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு இஸ்ஸதீன் சொன்னார், பிழை பல்லில்தான் என்று. நெல்லுக் கொடுத்தவர்களில் பிழையில்லை, மகனிலும் பிழையில்லை. சனம் கேட்டது. நம்பியதா என்று தெரியவில்லை. "பல்லுத்தான் எண்டா தராசு சரிதானோ?" என்று ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். நல்லதம்பி அவனை முழங்கையால் இடித்தார். இடித்துவிட்டு, "எதுக்கும் அடுத்த போகம் நாங்கள் நேர மில்லுக்கே கொண்டு போறம் காக்கா, குறை நினையாதேங்கோ" என்றார்.

இஸ்ஸதீன் குறை நினைக்கவில்லை. அவருக்கு வேறு அவசரம் இருந்தது. மறுநாள் லதீபாவையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய், கொமினிகேசன் என்ற போன் கடையில் முனவ்வறாவின் வாப்பா வீட்டு இலக்கத்தைக் கொடுத்தார். கண்ணாடிக் கூட்டுக்குள் இருவரும் நெருங்கி நின்றார்கள். அந்தப் பக்கம் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, நெடுநேரம் கழித்து றிஸ்கானின் குரல் வந்தது.

"ஸலாம் அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம். மகன், வாப்பா கதைக்கிறன்."

"சொல்லுங்கோ."

இஸ்ஸதீன் சொன்னார். பீங்கானும் பீங்கானும் முட்டும் சத்தம், ஊறின நெல்லுக்கும் அதே சத்தம், வெறும் வாய்க்கும் அதே சத்தம், தில்லைநாதன் சரியாக எடுத்துச் சொல்லவில்லை, ஜெகதீஸ்வரி வந்து சொன்னது, உம்மா கடிக்க வைத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பேசும்போது வாய்க்குள் டக் டக் என்றது. அந்தப் பக்கம் அது கேட்டிருக்கும்.

"எல்லாம் இந்தப் பல்லு செய்த வேலை மகன்" என்று முடித்தார்.

றிஸ்கான் கேட்டான்:

"என்னட்டச் சத்தியம் கேட்டதும் பல்லோ வாப்பா?"

இஸ்ஸதீன் வாயைத் திறந்தார். கொமினிகேசன்காரன் வெளியே நின்று நேரத்தைப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் சந்தைச் சனம் போய்க்கொண்டிருந்தது.

"உம்மா பக்கத்தில நிக்கிறாவோ?" என்று றிஸ்கான் கேட்டான்.

"ஓம், நிக்கிறா."

"அவாட்டக் குடுங்கோ."

அவர் போனை நீட்டினார். லதீபா அதை வாங்கக் கை தூக்கினாள். பிறகு, அவர் சத்தியம் கேட்ட அன்று தானும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவு வந்து, கையை அப்படியே இறக்கிவிட்டாள்.